கஞ்சி டம்ளரைக் கீழே வையுங்கள்!

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. பெரியம்மாவுக்கு ராத்திரியிலிருந்து ஜுரம். "உடம்பெல்லாம் குளிருதுடி" என்று இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். நம் வீடுகளில் ஜுரம் என்றால் முதலில் என்ன செய்வோம்? நொய்யைக் கழுவிப் போட்டுக் கஞ்சி வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன். ஆற்றி, உப்புப் போட்டு, டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போகும்போது போன் அடித்தது.

பேசியது சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா. பதினாறு நாளைக்கு முன்னால் பெரியம்மாவின் இதயத்துக்கு 'அப்லேஷன்' என்ற வைத்தியம் செய்த ஆஸ்பத்திரி அது. டிஸ்சார்ஜ் தாளில் 'ஜுரம் வந்தால் உடனே தெரிவிக்கவும்' என்று ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். ஒப்புக்குத்தான் கால் மணி முன்பு அந்த நம்பரில் சொல்லி வைத்திருந்தேன்.

"ஜுரம் எவ்வளவும்மா?"

"நூற்றொன்றரை, டாக்டர்."

"நெஞ்சு வலி, விழுங்கும்போது வலி ஏதாவது இருக்கா?"

"ரெண்டு நாளா நெஞ்சு எரியுதுன்னு சொல்றாங்க. இதோ, கொஞ்சம் கஞ்சி கொடுக்கப் போறேன்..."

"கஞ்சி டம்ளரைக் கீழே வையுங்கம்மா" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. "தண்ணிகூட வேண்டாம். முதல்ல ஸ்கேன் எடுக்கணும். திருச்சியிலேயே எடுக்கலாம். இப்பவே கிளம்புங்க."

ஜுரக்காரிக்குக் கஞ்சி கொடுக்காதே என்று சொல்லும் வைத்தியத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அப்புறம் டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன். இன்று ஊருக்கு ஊர் யாராவது ஒருவர் இந்த அப்லேஷன் செய்துகொண்டு வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் நாளைக்கு ஒருவர் இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

தாளம் தப்பிய நெஞ்சு

பெரியம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு வருஷமாகவே, "நெஞ்சுக்குள்ளே மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்பார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயசாகிவிட்டது, வாயுத் தொல்லை என்று பூண்டு ரசமும் ஓமத் தண்ணீருமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று வந்தது.

நம் இதயத்துக்கு நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேலறையின் ஓரத்தில் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கிறது. அதுதான் 'இப்போது துடி, இப்போது துடி' என்று மின்சாரக் கட்டளை அனுப்புகிறது. இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1906-ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துக் கிராமத்து வீடு ஒன்றில் ஆர்தர் கீத் என்ற உடற்கூறு நிபுணர் இதயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு உதவியாக மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர். ஒருநாள் கீத்தும் அவர் மனைவியும் சைக்கிளில் உலாவப் போய்த் திரும்பியபோது, அந்த மாணவர் ஓடி வந்து, அகழெலி ஒன்றின் இதயத்தில் அந்த முடிச்சைக் காட்டினாராம். 1907-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

கச்சேரியில் ஒருவர் தாளம் போட்டால் சரி. ஆளாளுக்குத் தாளம் போட ஆரம்பித்தால்? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் நடப்பது அதுதான். அந்த ஒரு முடிச்சின் கட்டளை எடுபடாமல், மேலறைகளின் பல இடங்களிலிருந்தும் மின்சாரம் கிளம்பி, நிமிஷத்துக்கு முன்னூற்றைம்பதுக்கும் மேலான வேகத்தில் மேலறைகள் வெடவெடவென்று நடுங்குகின்றன. அதில் பாதிக்கும் மேல் கீழறைகளுக்குப் போய்ச் சேருவதில்லை. போய்ச் சேருவதும் ஒழுங்கில்லாமல் சேருகிறது.

களைப்பும் படபடப்பும் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நடுங்கும் அறையில் ரத்தம் ஓடாமல் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. அதனால்தான் பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுக்கிறார்கள்.

சூடு வைக்கிற வைத்தியம்

தாளத்தைக் குலைக்கிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? 1998-இல் பிரான்ஸின் போர்டோ நகரத்து டாக்டர் மிஷேல் ஹைஸகேர் குழுவினர் நாற்பத்தைந்து நோயாளிகளை ஆராய்ந்து விடை சொன்னார்கள். நுரையீரலிலிருந்து சுத்த ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் சிரைகள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நான்கு. கலகம் ஆரம்பிக்கிற இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு அந்தச் சிரைகளுக்குள்தான் இருந்தன!

அப்படியானால் சிரை வந்து சேரும் வாசலைச் சுற்றி வட்டமாகச் சூடு வைத்து ஒரு தழும்பை உண்டாக்கிவிட்டால்? தழும்பு வழியாக மின்சாரம் போகாது. உள்ளே யார் தாளம் போட்டாலும் வெளியே கேட்காது. இதுதான் அப்லேஷன். நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஊசியால் துளையிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சூடு வைக்கிறார்கள். சில இடங்களில் சூட்டுக்குப் பதில், ஒரு சின்ன பலூனை வைத்து அந்த இடத்தை உறைய வைக்கிறார்கள்.

பெரியம்மா இரண்டாம் நாளே எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஒரு தையல்கூடத் தெரியலையே, இதுக்கா இவ்வளவு பயந்தோம்?" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். மிகப் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்துவிடும்.

இஸ்திரிப் பெட்டியும் இரண்டு துணியும்

ஆனால் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால் யார் குடியிருக்கிறார் தெரியுமா? நாம் சாப்பிடுவதை வயிற்றுக்குக் கொண்டுபோகும் உணவுக் குழாய்! இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கின்றன. மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். உணவுக் குழாயின் சுவரும் அப்படித்தான்.

இரண்டு மெல்லிய துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மேல்துணியை இஸ்திரி போடுகிறோம். பெட்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் சூடு அடித்துணிக்கும் இறங்கிவிடும். அன்றைக்குப் பார்த்தால் ஓட்டை எதுவும் தெரியாது, லேசாகப் பழுப்பேறியிருக்கும், அவ்வளவுதான். நாலு தடவை துவைத்த பிறகு, ஒருநாள் அந்த இடம் பொத்தென்று விட்டுப்போகும். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்!

உணவுக் குழாயிலும் அதே கதைதான். சூடு பட்ட இடம் மெதுவாகப் புண்ணாகி, வாரக்கணக்கில் ஆழமாகி, எங்கோ ஒருவருக்கு அந்தப் புண் இதயச் சுவரையும் அரித்து ஓட்டை போட்டுவிடுகிறது. உணவுக் குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு திருட்டு வழி உண்டாகிவிடுகிறது. இப்படி உடம்புக்குள் உண்டாகும் தப்பு வழியை 'ஃபிஸ்டுலா' என்கிறார்கள். ஆசனவாயில் வரும் பௌத்திரமும் இந்த ஜாதிதான். ஆனால் இது இதயத்தில் வருவது, ஆளையே கொண்டுபோய்விடும்.

குழாய் வழியே செய்யும் அப்லேஷனில் இந்த விபரீதத்தை 2004-இல்தான் மருத்துவ உலகம் முதலில் பதிவு செய்தது. இத்தாலியின் டாக்டர் பப்போனே குழுவினர் எழுதிய கட்டுரையில் இரண்டு நோயாளிகள். ஒருவர் அவசர ஆபரேஷனால் பிழைத்தார். மற்றவர் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் பிரேஸிலிலிருந்தும் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது.

எத்தனை பேருக்கு வருகிறது?

இதைப் படித்துவிட்டு யாரும், "ஐயையோ, அப்லேஷனே வேண்டாம்" என்று ஓடிவிடக் கூடாது. அதனால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வெளியான 'பாட்டர் ஏ.எஃப்.' என்ற ஆராய்ச்சியில் 35 நாடுகளின் 214 மருத்துவ மையங்கள் சேர்ந்துகொண்டன. ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான அப்லேஷன்களைக் கணக்கெடுத்ததில், இந்த ஓட்டை விழுந்தவர்கள் 138 பேர். அதாவது ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒருவர். சூடு வைத்தவர்களுக்கு இது சற்று அதிகம்; உறைய வைத்தவர்களுக்கு மிக மிகக் குறைவு.

ஆனால் அந்த நாலாயிரத்தில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால்? அந்த 138 பேரின் கதை கலக்கம் தருவது. நூற்றுக்கு அறுபத்தாறு பேர் இறந்துபோனார்கள். ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் பாதிப் பேர் பிழைத்தார்கள். ஆபரேஷனோ, எண்டோஸ்கோப்பி மூலம் செய்யும் சிகிச்சையோ இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஆபரேஷனைத் தாங்கும் நிலையில் இருந்தவர்களுக்குத்தான் அதைச் செய்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் ஆபரேஷன் தாங்கும் நிலையிலேயே ஒருவர் போய்ச் சேர முடியும் இல்லையா?

சரி, சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டியது யார்? டாக்டர் என்று சொல்லாதீர்கள். அப்லேஷன் முடிந்து சராசரியாகப் பதினெட்டாம் நாள் வாக்கில்தான் அறிகுறி ஆரம்பிக்கிறது. இரண்டு மாதம் வரைகூடப் போகிறது. அந்தச் சமயத்தில் நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. நம் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார். முதலில் பார்க்கிறவள் நாம்தான்!

முதல் அறிகுறி பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வெறும் ஜுரம். சிலருக்கு நெஞ்சு வலி. சிலருக்கு விழுங்கும்போது வலி. சிலருக்குத் திடீரென்று வாய் கோணுவது, கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறுவது. ரத்த வாந்தி எடுப்பவர்களும் உண்டு.

கஞ்சியும் கூடாது, குழாயும் கூடாது

இப்போது கஞ்சி விஷயத்துக்கு வருகிறேன். உணவுக் குழாயிலிருந்து இதயத்துக்கு வழி உண்டாகிவிட்டால், நாம் ஒரு வாய் விழுங்கும்போது காற்றும், உணவுத் துணுக்கும், வாயில் உள்ள கிருமிகளும் அந்த வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். இடது மேலறைக்கு வந்தது அடுத்த துடிப்பில் கீழறைக்கு, அங்கிருந்து நேரே மூளைக்குப் போகலாம். ஆகவே, சந்தேகம் என்றாலே, ஸ்கேன் பார்த்துத் தீர்மானிக்கும்வரை வாய் வழியே ஒன்றும் கொடுக்கக் கூடாது. கஞ்சி நல்லதுதான், அன்றைக்கு மட்டும் அது ஆகாது.

இன்னொன்று, இதைவிட முக்கியம். புதன்கிழமை சாயங்காலமே பெரியம்மாவை எங்கள் தெரு முனையில் உள்ள டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன், நெஞ்செரிச்சலுக்காக. நல்ல டாக்டர்தான். "வெள்ளிக்கிழமை ஒரு எண்டோஸ்கோப்பி பார்த்துடலாம்" என்று எழுதிக் கொடுத்தார். அப்லேஷன் செய்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை! 'அது இருதய விஷயம், இது வயிற்று விஷயம்' என்று என் மண்டையில் தோன்றியிருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது.

எண்டோஸ்கோப்பி செய்யும்போது உள்ளே நன்றாகத் தெரிவதற்காகக் காற்றை ஊதி விரிப்பார்கள். இரைப்பைப் புண்ணுக்கு அது சரி. இதயத்துக்கு ஓட்டை இருக்கும்போது காற்றை ஊதினால்? அது நேராக மூளைக்குப் போய், அந்த நிமிஷமே பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் முதலில் செய்ய வேண்டியது ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் நெஞ்சு சி.டி. ஸ்கேன். அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் சில நாளில் மறுபடியும் எடுப்பார்கள். ஓட்டை இன்னும் இதயத்தைத் தொடாமல் உணவுக் குழாயோடு நிற்கிறது என்று தெரிந்தால், விவரம் தெரிந்த குழுவினர் எண்டோஸ்கோப்பி மூலமே சிகிச்சை செய்வதும் உண்டு. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். விஷயம் தெரியாத இடத்தில் குழாயை விடக் கூடாது.

ஓட்டையைத் தைப்பது எப்படி?

ஓட்டை உறுதியானால் தாமதிக்காமல் ஆபரேஷன்தான். உணவுக் குழாய்க்குள் வலைக்குழாய் ஒன்றை மட்டும் வைத்து மூடிவிட்டால், இதயத்துப் பக்கத்து ஓட்டை அப்படியே இருக்கும். இரண்டு பக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். இதய சர்ஜனும், உணவுக் குழாய் ஆபரேஷன் தெரிந்த சர்ஜனும் சேர்ந்து நிற்கும் பெரிய ஆபரேஷன் இது.

தையல் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். முதல் வேலை, இதயத்து ஓட்டை. பெரும்பாலும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு, இதயத்தைத் திறந்து உள்பக்கமாக அடைக்கிறார்கள். சில சமயம் விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து வெளிப்பக்கமாகச் செய்வதும் உண்டு. கருகிப்போன ஓரத்தில் ஊசி போட்டால் தையல் நிற்காது. நைந்த துணியில் தையல் பிரிந்துகொண்டு வருமே, அதுபோல. ஆகவே நைந்ததை வெட்டி எடுத்துவிட்டு, ஒட்டுத் துணி வைப்பதுபோல இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்து ஒரு துண்டையோ, பதப்படுத்திய மாட்டு இதய உறையின் துண்டையோ வைத்துத் தைக்கிறார்கள்.

இரண்டாவது வேலை, உணவுக் குழாய். அங்கேயும் கெட்டுப்போன சதையை நீக்கிவிட்டு அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். மிகவும் சேதமாகியிருந்தால், அந்தப் பகுதியையே எடுத்துவிட்டுப் பிற்பாடு வேறு ஆபரேஷனில் வழி அமைத்துக் கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு தையலும் எதிரும் புதிருமாக ஒட்டிக்கொண்டிருந்தால் மறுபடி வழி விழுந்துவிடும் அல்லவா? அதனால் நடுவே ஒரு லைனிங் கொடுக்கிறார்கள். விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள சதையிலிருந்து ஒரு பட்டையை, அதன் ரத்த ஓட்டம் அறுந்துபோகாமல் பிரித்து, திருப்பிக் கொண்டுவந்து இதயத்துக்கும் உணவுக் குழாய்க்கும் நடுவில் பதித்துத் தைக்கிறார்கள். சிலருக்கு வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புப் படலத்தை மேலே கொண்டுவருவார்கள். உயிருள்ள சதை என்பதால் அது புண்ணை ஆற்றவும் உதவுகிறது.

அதற்குப் பிறகும் நீண்ட பாதைதான். வாரக்கணக்கில் ஊசி மருந்து. உணவுக் குழாய் ஆறும்வரை வாய் வழியே சாப்பாடு கிடையாது. சிறுகுடலில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் ஆகாரம். ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் அதற்கும் வைத்தியம், பயிற்சி. இத்தனையும் தாண்டி மீண்டு வந்து, பழையபடி சாப்பிட்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஜுரம் வந்தவுடன் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்.

வேறு சில அபூர்வத் தொல்லைகள்

அப்லேஷனுக்குப் பிறகு சர்ஜன் தேவைப்படும் வேறு சில நிலைகளும் உண்டு. நூற்றில் ஒருவர் அளவுக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கசிந்து இதயத்தை அமுக்கிவிடும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிடும். ஊசிபோட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் போதும். வெகு சிலருக்குத்தான் நெஞ்சைத் திறந்து தைக்க வேண்டிவரும். எப்போதாவது, உள்ளே விட்ட வளையக் குழாய் இதய வால்வின் நூல்களில் சிக்கிக்கொண்டு, ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டி வந்ததும் உண்டு.

சிரை வாசலில் உண்டான தழும்பு சுருங்கி, வாசலே குறுகிவிடுவது இன்னொன்று. மாதக்கணக்கு கழித்து இருமல், மூச்சுத் திணறல், சளியில் ரத்தம் என்று வரும். ஆஸ்துமா, நிமோனியா என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பலூன் வைத்து விரிப்பதும் வலைக்குழாய் பொருத்துவதும் இதற்கு வழி. முடியாதபோது ஆபரேஷன்.

மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு அடிபட்டால், ஒரு பக்க உதரவிதானம் தொய்ந்து மேலே போய்விடும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடுகிறது. சரியாகாமல் மூச்சுத் திணறினால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தொய்ந்த உதரவிதானத்துக்குக் கொசுவம் வைத்து இறுக்கித் தைக்கிறார்கள்! நம் புடவைக் கொசுவம் ஆபரேஷன் அறைக்கும் போயிருக்கிறது, பாருங்கள்.

வராமல் தடுக்க

இன்று டாக்டர்களும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறார்கள். உணவுக் குழாய்க்குள் வெப்பமானி வைத்துச் சூடு ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். பின்சுவரில் குறைந்த சக்தியும் குறைந்த நேரமும் கொடுக்கிறார்கள். சில இடங்களில் உணவுக் குழாயைச் சற்று நகர்த்தி வைக்கிறார்கள், அல்லது குளிர்விக்கிறார்கள். அப்லேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தருகிறார்கள்.

சூடும் இல்லாமல், குளிரும் இல்லாமல், நொடியிலும் சிறு நேரத்துக்கு மின்துடிப்புக் கொடுத்து இதயத் தசையின் செல்களை மட்டும் துளைத்துச் செயலிழக்கச் செய்யும் புது முறையும் வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2021-இலும், அமெரிக்காவில் 2023 டிசம்பரிலும் இதற்கு முதல் அனுமதி கிடைத்தது. 2024-இல் வந்த ஓர் ஆய்வில், இந்த முறையில் சிகிச்சை பெற்ற 17,642 பேரில் ஒருவருக்குக்கூட உணவுக் குழாயில் ஓட்டை விழவில்லை. நல்ல சேதிதான். ஆனாலும் சூடு வைக்கும் முறையும் பல இடங்களில் நடக்கிறது. அதனால் எந்த முறையில் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

பெரியம்மாவுக்கு என்ன ஆயிற்று?

அன்று மத்தியானமே ஸ்கேன் எடுத்தோம். ஓட்டை எதுவும் இல்லை. அப்பாடா! ஆனாலும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்ததில் சிறுநீர்த் தாரையில் கிருமி இருந்தது. நாலு நாள் கழித்து மறுபடி ஸ்கேன். அதுவும் சுத்தம். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக, "அந்தக் கஞ்சியைக் குடுடி" என்றார்.

பெரியப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஒண்ணுமில்லாத ஜுரத்துக்கு ரெண்டு ஸ்கேன், ஆறு நாள் ஆஸ்பத்திரி! தண்டச் செலவு!" என்று முணுமுணுத்தார்.

"பெரியப்பா, நம்ம வீட்டுக் கதவைப் பூட்டிட்டுப் போறோம். திரும்பி வந்து பார்த்தா திருடன் வரலை. பூட்டு தண்டம்னு சொல்வீங்களா?" என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் தாளைத் தானே பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்!

நீங்களும் மாட்டி வையுங்கள். கூடவே இதையும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்:

* அப்லேஷன் செய்த தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து இரண்டு மாதத்தை வட்டமிடுங்கள்.

* அந்த இரண்டு மாதத்தில் ஜுரம், குளிர் நடுக்கம், நெஞ்சு வலி, விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி வந்தால் அப்லேஷன் செய்த இடத்துக்கு அந்த மணியே போன் செய்யுங்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' வேண்டாம்.

* வாய் கோணல், கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் என்றால் போன் செய்துகொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* டாக்டர் சொல்லும்வரை கஞ்சி, காபி, தண்ணீர் எதுவும் வாய் வழியே வேண்டாம்.

* எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும் சரி, முதல் வாக்கியமாக, "இவருக்கு இத்தனாம் தேதி இருதயத்தில் அப்லேஷன் செய்திருக்கு" என்று சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி என்று பேச்சு வந்தால், "முதலில் அப்லேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

* ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

நாலாயிரத்தில் ஒருவருக்கு வருவது நம் வீட்டுக்கு வராமலே போகலாம், போகட்டும். ஆனால் ஜுரம் வந்த அன்றைக்கு, கையில் கஞ்சி டம்ளரோடு நிற்கும்போது, 'இது எத்தனையாவது நாள்?' என்று ஒரு நிமிஷம் காலண்டரைப் பார்க்கிறோமே, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.